கீழ்க்குரல்

மெர்லினுக்கு விமானம் ஓட்டுவதில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. தன் பெயரைச் சொல்வதில்தான் சிரமம்.

'ம' என்று உதடுகள் ஒட்டினால் பிரிவதற்கு நேரமாகும். எதிரே நிற்பவர்கள் அந்த நேரத்தில் தங்களுக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் எடுத்துக் கொடுப்பார்கள். மாலதியா, மஞ்சுளாவா என்பார்கள். சில இடங்களில் அவள் தலையாட்டிவிட்டு மாலதியாகவே இருந்துவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் வானத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ரேடியோவில் பேச வேண்டியதெல்லாம் முன்பே வகுத்து வைத்த சொற்கள். அந்த வரிசையில் ஏறிக்கொண்டால் நாக்கு தண்டவாளத்தில் போவது போலப் போகும். அங்கே அவளுக்குப் பெயரும் இல்லை. விமானத்தின் எண்தான் அவள்.

தூத்துக்குடியிலிருந்து இறாலும் நண்டும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் சரக்கு விமானத்தில் பல வருடங்கள் இருந்தாள். திருச்சி வான் எல்லையைக் கடக்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் காலைப் பணியில் சகாயம் இருப்பான். அவள் ஒவ்வொரு முறையும் பேசத் தொடங்கும் முன் சின்னதாக ஒரு மூச்சை இழுப்பது அவனுக்குக் கேட்கும். யாரோ கோபக்காரப் பெண் என்று முதலில் நினைத்தானாம். பிறகு அந்த மூச்சுக்காகவே காத்திருக்கத் தொடங்கினான். ஒருநாள் மழையில் அவள் விமானம் திருச்சியில் இறங்க நேர்ந்தபோது கேன்டீனுக்குத் தேடிப் போய்ப் பெயர் கேட்டான். உதடுகள் ஒட்டிக்கொண்டன. அவன் எந்தப் பெயரையும் எடுத்துக் கொடுக்கவில்லை. மேஜைமேல் கையை வைத்தபடி, அவள் சொல்லி முடிக்கும்வரை சும்மா இருந்தான். இவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். அவனுக்கு அதைச் சொல்லத்தான் ஒரு வருடம் ஆயிற்று.

பிறகு சரக்கு விமானங்களுக்கு ஆளே வேண்டாம் என்றானது. அவை தாங்களாகவே ஏறின, தாங்களாகவே இறங்கின. பயணிகள் விமானத்தில் மட்டும் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த இருக்கைகளுக்கு எங்கும் போட்டி. மெர்லின் இரண்டு நிறுவனங்களில் நேர்முகத்துக்குப் போனாள். இரண்டிலும் முதல் சுற்றில் எந்திரம்தான் கேள்வி கேட்டது. இரண்டு எந்திரங்களும் ஒரே பதிலைத் தந்தன: குரலில் தன்னம்பிக்கை போதவில்லை.

நெய்தல் ஏர்வேஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சகாயம் ஒரு வில்லை வாங்கி வந்தான்.

அப்போது எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த குரல்வில்லைதான். நெற்றிப்பொட்டைவிடக் கொஞ்சம் பெரியது, தோல் நிறத்தில் இருக்கும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால், பேச நினைப்பதைக் குரல்நாண் அசைவிலேயே பிடித்துவிடும். சொந்தக் குரலை அங்கேயே அமுக்கிவிட்டு, அதே குரலைச் சீராக்கி வெளியே விடும். நடுக்கம், திக்கல், மூச்சிரைப்பு, இருமல் எதுவும் வெளியே வராது. எந்தச் சொல் தேவையில்லை என்று அதற்குத் தோன்றுகிறதோ அதையும் கழித்துவிடும். மாப்பிள்ளை பார்க்க வருபவர்கள்கூட ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று சகாயம் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னான்.

அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்குப் பிடித்திருந்தது. ஒட்டிக்கொண்ட அன்று மதியம் மணப்பாட்டிலிருக்கும் அக்காளை அழைத்து, சின்ன வயதில் சொல்ல நினைத்துப் பாதியில் விட்ட கதைகளை எல்லாம் சொன்னாள். படகுத்துறையில் செருப்பைத் தொலைத்தது, அப்பாவிடம் உண்மையில் யார் கோள் சொன்னது என்பது, எல்லாம். சிரித்துச் சிரித்துப் பேசினாள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில், நீ யாரு பேசுத என்று கேட்டாள். மெர்லின் அதற்கும் சிரித்தாள்.

முதல் சுற்றில் தேறிவிட்டாள் என்று தகவல் வந்தது. இரண்டாவது சுற்று, விமானி அறையைப் போலவே செய்து வைத்திருக்கும் பயிற்சிக் கூண்டில். திடீரென்று ஒரு இன்ஜினில் தீ என்று விளக்கு எரிய, அவள் செய்ய வேண்டியதைச் செய்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி இறக்கினாள். அதிலும் தேறினாள். இனித் தலைமை விமானியை நேரில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முந்தின நாள் சகாயம் காலைப் பணி முடிந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் இருந்தான். மெர்லின் அப்போதும் வில்லையோடுதான் இருந்தாள். மறுநாளைக்காகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

நடந்ததை அவன் மெதுவாகச் சொன்னான். காலையில் நெய்தல் விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் பேசிய துணை விமானி, அறையில் லேசாகப் புகை வாடை அடிப்பதாகவும் கொஞ்சம் சீக்கிரம் இறங்க முடிந்தால் நல்லது என்றும் சொன்னார். காலை வணக்கம் சொல்கிற குரல். முறைப்படி அபாய அறிவிப்பு எதுவும் இல்லை. அதற்கு முன்னால் இறங்கக் காத்திருந்தவை இரண்டு. அவற்றை இறக்கிவிட்டு இதைக் கூப்பிடலாம் என்று சகாயம் நினைத்தான். அப்படியே செய்தான். விமானம் ஓடுபாதையில் நின்றபோது முன்பக்கக் கண்ணாடி முழுக்கக் கறுப்பாக இருந்தது. பயணிகள் பிழைத்துக்கொண்டார்கள். கேப்டனைத் தூக்கிக்கொண்டுதான் இறக்க வேண்டியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று பிறகு தெரிந்தது.

பணி முடிந்ததும் சகாயம் முதலுதவி அறைக்குப் போனான். துணை விமானி ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயது. தொண்டையில் வில்லை இருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுப்பாக இருந்தது.

"அந்தத் தம்பி என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்," என்றான் சகாயம். "நான் கத்துனேன் சார், உங்களுக்குக் கேக்கலியா, அப்படின்னு."

மெர்லின் குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள், அவன் தொடர்ந்தான்.

"இருமிக்கிட்டே கத்தியிருக்கான். அவ்வளவையும் அது கழிச்சுப் போட்டுட்டு எனக்கு வணக்கம் மாதிரி அனுப்பியிருக்கு. பத்து வருஷமா குரலை வச்சுத்தான் நான் ஆளுகளை எறக்குதேன், மெர்லின். இப்ப எல்லாருக்கும் ஒரே குரலா இருக்கு." தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டுப் போகாத."

அவள் வில்லை வழியாகவே பதில் சொன்னாள். அதனால் அந்தப் பதில் மிக இனிமையாக வந்தது.

"நீ பொறந்ததுல இருந்து பேசிக்கிட்டு இருக்க. எனக்கு இப்பதான் வாய் கெடச்சிருக்கு. உனக்குக் காலையில நடந்ததுக்காக நான் அதை மூடிக்கிடணுமா?"

கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் கோபம் அவன் காதுக்குப் போகவில்லை. அவன் அவள் முகத்தையும் அந்தக் குரலையும் பொருத்திப் பார்க்க முயன்று, முடியாமல், கையைக் கழுவ எழுந்து போனான். அதன் பிறகு அதைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் அவளுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டான். காலர் மடிப்பில் சுருக்கம் விழுந்துவிட்டது என்று இரண்டாவது தடவையும் போட்டான். விடிந்ததும் காரை எடுத்து அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் ரேடியோவில் பழைய பாட்டு ஓடியது, இருவரும் அதைக் கேட்பது போல இருந்தார்கள்.

நெய்தல் அலுவலகம் மீனம்பாக்கத்தில் இருந்தது. காத்திருக்கும் அறையில் அவளையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேரும் வில்லை ஒட்டியிருந்தார்கள். அவரவர் குரல்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பாகு காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. யாரோ ஒருவர் வேடிக்கையாக ஏதோ சொல்ல, ஐந்து பேரும் ஒரே அளவில் சிரித்து ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். மெர்லினுக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. இவ்வளவு பேருக்கு நடுவில் தனியாகத் தெரியாமல் இருப்பது அவளுக்குப் புதிது.

பக்கத்தில் ஷைலஜா என்ற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அரியலூர்ப் பக்கம் என்றாள். இரண்டு பேரும் விமானங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண், "எனக்கு ரொம்ப பயமா இருக்கு. எழுந்து போயிடலாம் போல இருக்கு," என்றாள்.

அதைச் சொன்ன குரல் அவ்வளவு உல்லாசமாக இருந்ததால் மெர்லின் சிரித்துவிட்டாள். நல்ல வேடிக்கைக்காரப் பெண் என்று நினைத்தாள். அப்புறம்தான் தற்செயலாகக் கீழே பார்த்தாள். ஷைலஜாவின் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்திருந்தாள். கண்களில் நீர் கட்டியிருந்தது. சிரித்த மெர்லினைப் பார்த்து அவளும் சிரித்துவைத்தாள்.

மெர்லினுக்கு முந்தின நாள் சகாயம் சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவன் கோபுரத்தில் செய்ததை அவள் இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்துவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல நினைப்பதற்குள் உள்ளேயிருந்து மெர்லினைக் கூப்பிட்டார்கள்.

கதவுக்கும் நாற்காலிக்கும் இடையில் அவள் வில்லையைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். யோசித்துச் செய்ததல்ல. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

தலைமை விமானி கேப்டன் நூருல் அமீன், ஐம்பதைத் தாண்டியவர். நாகூர்க்காரர். நரைத்த தாடியை ஒட்ட வெட்டியிருந்தார். அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

"நான் ம..." என்று தொடங்கினாள். உதடுகள் ஒட்டிக்கொண்டன. நல்ல அபிப்பிராயம் ஏற்படுத்த முதல் அரை நிமிடம் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அரை நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடவில்லை, அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். அவரும் பார்வையை நகர்த்தவில்லை. "...மெர்லின்," என்று முடித்தாள். "முதல் ரெண்டு சுற்றுக்கும் வ... வில்லையோட வந்தேன் சார். இப்ப கழட்டிட்டேன். இதுதான் என் பேச்சு. இது சரிப்படாதுன்னா இப்பவே சொ... சொல்லிருங்க."

ஏன் கழற்றினீர்கள் என்று அவர் கேட்டார். வெளியே ஒரு பெண் பயமாக இருக்கிறது என்று சொன்னதையும் தான் சிரித்ததையும் அவள் சொன்னாள். நேற்றுத் திருச்சியில் இறங்கிய விமானத்தைப் பற்றியும் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. சில சொற்களில் நின்றாள், ஒன்றை விட்டுவிட்டு வேறு சொல்லுக்குத் தாவினாள். திருச்சி என்றதும் அவர் முகம் மாறியது. அந்தக் கேப்டன் தன்னிடம் பயின்றவர் என்று மட்டும் சொன்னார்.

பிறகு, "உங்க பேச்சு இப்படித்தான்னு எங்களுக்கு முதல் நாள்லேருந்து தெரியும்மா," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"வில்லை ரெண்டு குரலை அனுப்புது. சீராக்கின குரல் ஊருக்கு. அது அமுக்கி வைக்கிற சொந்தக் குரல் இருக்கே, அது தனியா எங்களுக்கு வருது. கீழ்க்குரல்னு பேர் வச்சிருக்காங்க. நேர்முகத்துக்கு ஆள் எடுக்கிற எல்லாக் கம்பெனிக்கும் அதை விக்கிறாங்க. எந்திரம் மதிப்பெண் போடுறது அந்தக் குரலுக்குத்தான். உங்களையும் அது தள்ளித்தான் வச்சிருந்தது. நான் கேட்டுட்டு எடுத்து வச்சேன்."

குளிக்கும்போது யாரோ பார்த்துவிட்டது போல இருந்தது மெர்லினுக்கு. அக்காவிடம் பேசியதும், சாப்பாட்டு மேஜையில் சகாயத்திடம் பேசியதும் எங்கேயோ இருக்கின்றனவா என்று கேட்டாள். தங்களுக்கு வருவது நேர்முகச் சுற்றுகள் மட்டும்தான் என்றார் அவர். மற்றதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றும், தெரியாது என்பதே தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றும் சொன்னார். விண்ணப்பித்தவருக்கு அவருடைய சொந்தப் பதிவைக் கடைசிச் சுற்றில் போட்டுக் காட்டலாம் என்று விதியில் இடமிருக்கிறதாம். இதுவரை யாரும் வில்லையைக் கழற்றிவிட்டு எதிரே உட்காராததால் அதற்கு வேளை வரவில்லையாம்.

"கேக்கிறீங்களா?" என்றார்.

முதலில் சீராக்கிய மேற்குரலைப் போட்டார். பயிற்சிக் கூண்டில் இடது இன்ஜினில் தீ என்று கோபுரத்துக்கு அறிவித்த குரல். இழைத்த பலகை போல வழவழவென்று இருந்தது. அடுத்து கீழ்க்குரல் வந்தது. அவளுக்கு அது தன் குரல் என்று நம்ப ஒரு கணம் பிடித்தது. ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். தொண்டை வறண்டு, சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஆனால் எதுவும் விட்டுப்போகவில்லை. எவ்வளவு உயரம், எத்தனை பேர், எந்தப் பாதை, எல்லாம் இருந்தது. கூடவே மேற்குரலில் இல்லாத ஒரு சொல்லும் இருந்தது.

"சகாயம், இடது இன்ஜின்ல தீ. சகாயம், நான் உடனே எறங்கணும்."

திக்கவே இல்லை. அந்தப் பெயரில் ஒரு இடத்திலும் நாக்கு தட்டவில்லை. அதைத் தேவையில்லாத சொல் என்று வில்லை கழித்துவிட்டிருந்தது.

"சகாயம்ங்கறது?" என்றார் கேப்டன்.

"எங்க வீட்டுக்காரங்க," என்றாள் மெர்லின். "தி... திருச்சி டவர்ல இருக்காங்க." அப்படிக் கூப்பிட்டது தனக்கு நினைவே இல்லை என்றாள். முகம் சூடாகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. நிறையப் பேருடைய கீழ்க்குரலைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். ஆபத்தில் சிலர் கடவுளைக் கூப்பிடுகிறார்கள், சிலர் கெட்ட வார்த்தை சொல்கிறார்கள். கூப்பிட்ட ஆள் இறக்கிவிட்டுவிடுவான் என்று இத்தனை நம்பிக்கையோடு கோபுரத்தைக் கூப்பிட்டவர் யாருமில்லை என்றார். பயத்தை மறைக்காமல், பயத்தோடு வேலையை முடிக்கிற ஆள்தான் தன் பக்கத்து இருக்கையில் வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் முடிவு தன் கையில் மட்டும் இல்லையாம்.

மெர்லின் எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள். வெளியே இருக்கிற நான்கு பேருக்கும் இது தெரியாதே என்றாள்.

"நான் சொல்லக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார் நூருல் அமீன். எழுந்து வந்து அவளுக்காகக் கதவை முழுக்கத் திறந்துவிட்டார். "நீங்க எதுலயும் போடலையே."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஏற்கனவே மேஜைக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது.

வெளியே நான்கு முகங்களும் அவளைப் பார்த்தன. எப்படி இருந்தது என்று ஒரே பாகுக் குரலில் விசாரித்தன. மெர்லின் அறையின் நடுவில் நின்று சொல்லத் தொடங்கினாள். வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் நின்று அவள் பேசியதில்லை. முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டாள். ஒருவர் எடுத்துக் கொடுக்க வாய் திறந்தார், ஷைலஜா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். மெர்லின் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி, வில்லைக்கு அடியில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முழுக்கச் சொல்லி முடித்தாள்.

முதலில் ஷைலஜாதான் தொண்டைக்குக் கையைக் கொண்டுபோனாள். வில்லையைப் பிய்த்தெடுத்தபின் அவள் குரல் கரகரப்பாக, சளி பிடித்தது போல, ஊர் வாடையோடு வெளியே வந்தது.

"எனக்கு பயமா இருக்குக்கா," என்றாள்.

"எனக்கும்தான்," என்று சொல்லி மெர்லின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்கும் முழங்காலின் மேல் தன் கையை வைத்தாள். அந்தப் பெண்ணைக் கூப்பிடும்வரை கையை எடுக்கவில்லை.

அன்று அந்த அறையில் கேட்டது மெல்ல வெளியே பரவியது. நான்கு பேரும் நாற்பது பேரிடம் சொன்னார்கள். வில்லை விற்றவர்கள் முதலில் மறுத்தார்கள், பிறகு விதிமுறையில் எழுதித்தானே இருக்கிறது என்றார்கள். வழக்கு நடந்தது. திருச்சி விபத்தை விசாரித்தவர்கள் விமானி அறையில் வில்லை கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நெய்தல் ஏர்வேஸ் எந்திரச் சுற்றை நிறுத்திவிட்டுப் பழைய விண்ணப்பதாரர்களை எல்லாம் மறுபடி கூப்பிட்டது. அதில் மெர்லினுக்கும் வேலை கிடைத்தது, ஷைலஜாவுக்கும் கிடைத்தது. மெர்லின் வில்லையைத் தூக்கி எறியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில சமயம் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காளோடு பேசிய அந்த ஒரு மதியத்தைப் போல இன்னொரு மதியம் வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருக்கும். அது கேட்டுக்கொண்டிருக்காது என்றால் போட்டுக்கொள்வாள்.

ஆனால் அதெல்லாம் பிந்தி நடந்தவை. அன்று வண்டி நிறுத்துமிடத்துக்கு அவள் வந்தபோது எதுவும் நிச்சயமில்லை. சகாயம் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். அவள் தொண்டையைப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

தாம்பரத்தைத் தாண்டும்வரை அவள் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நின்று நின்றுதான் சொன்னாள். அவன் மெதுவாக ஓட்டினான். கதவைத் திறந்துவிட்ட கேப்டனைப் பற்றிச் சொன்னபோது, நல்ல மனுசன் என்றான். கீழ்க்குரலில் வந்த பெயரைக் கடைசியாகத்தான் சொன்னாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

சகாயம் பாதையைப் பார்த்தபடி ஓட்டினான். தொண்டையைச் செருமினான். மறுபடி செருமினான்.

"விதிப்படி டவரைப் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது," என்றான்.

"தெரியும்," என்றாள் மெர்லின்.

"கூப்பிட்டா பக்கத்துல வாற விமானமெல்லாம் கொழம்பிப் போகும்."

"தெரியும்."

சாப்பிட நிறுத்துவதாகச் சொல்லி வைத்திருந்த ஹோட்டல் இடது பக்கம் வந்தது, போனது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை.